மூன்று தலையணைகளும் ஒரு டால்பினும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அப்பாடா என்று ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தேன். பி.ஏ. ஆங்கிலம் இரண்டாம் வருடம் படிக்கும் என் மகள் கையில் ஒரு ஜெராக்ஸ் கட்டோடு வந்து எதிரில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

“அம்மா, இந்தக் கதையைப் பத்தி வர்ற வெள்ளிக்கிழமை நான் செமினார் எடுக்கணும். மூணு தடவை படிச்சுட்டேன். ஒண்ணுமே புரியல. இங்கிலீஷ் மாதிரியே இல்ல.”

“என்ன கதை?”

“ஜானி நிமோனிக். வில்லியம் கிப்சன்னு ஒருத்தர் எழுதினது.”

நான் பதில் சொல்லாமல் எழுந்து, ஸ்டூலைப் போட்டு ஏறி, பரணில் இருந்த பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அப்பாவின் பென்ஷன் காகிதங்கள், என் ஹால் டிக்கெட்டுகள் எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது அந்தப் புத்தகம். ‘பர்னிங் குரோம்’ என்ற சிறுகதைத் தொகுப்பு. உள்ளே முதல் பக்கத்தில் என் பெயரும் ‘பிப்ரவரி 2001’ என்ற தேதியும் என் பழைய கையெழுத்தில் இருந்தன.

“இதெல்லாம் நீ படிச்சிருக்கியா?” என்று மகள் கேட்டாள். சமையலறையில் யானையைப் பார்த்தவள் போல இருந்தது அவள் முகம்.

“படிச்சேன். எனக்கும் ஒண்ணும் புரியல” என்றேன்.

அதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதியை இருபத்து நாலு வருடமாக யாரிடமும் சொன்னதில்லை.

*

2000-ம் வருடம் சென்னையில் தெருவுக்குத் தெரு ‘மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன்’ பயிற்சி மையங்கள் முளைத்திருந்தன. டிகிரி முடித்து, ஓரளவு ஆங்கிலமும் டைப்பிங்கும் தெரிந்தால் போதும், வேலை நிச்சயம் என்றார்கள். எனக்கும் கிடைத்தது.

வேலை இதுதான். அமெரிக்காவில் டாக்டர்கள் நோயாளியைப் பார்த்து முடித்ததும், விவரங்களை எழுதாமல் வாயால் சொல்லிப் பதிவு செய்துவிடுவார்கள். அந்த ஒலிப்பதிவு இணையம் வழியாக நமக்கு வரும். ஹெட்போனில் கேட்டு, அப்படியே டைப் செய்து, மறுநாளுக்குள் அனுப்பிவிட வேண்டும். காலடியில் தையல் மெஷின் பெடல் மாதிரி ஒன்று இருக்கும். மிதித்தால் குரல் ஓடும். காலை எடுத்தால் நிற்கும். ஓரத்தில் மிதித்தால் பின்னால் போகும். சம்பளம் வரிக் கணக்கில். இடைவெளியையும் சேர்த்து 65 எழுத்துகள் ஒரு வரி. ஒரு ராத்திரிக்கு 600 வரி எனக்கு இலக்கு.

பயிற்சியில் முதல் வாரமே ஒரு பாடம் சொல்லிக்கொடுத்தார்கள். புரியாத சொல் வந்தால் அங்கேயே நின்றுவிடாதே. ஒரு கோடு போடு. எந்த நிமிடம், எந்த விநாடி என்று குறித்துக்கொள். மேலே போ. கொஞ்ச நேரம் கழித்து அதே டாக்டர் அதே சொல்லை இன்னும் தெளிவாகச் சொல்லுவார். அப்போது திரும்பி வந்து கோட்டை நிரப்பு.

இன்னொரு பாடமும் சொன்னார்கள். அர்த்தத்தை யோசித்துக்கொண்டு உட்கார்ந்தால் வேகம் போய்விடும்.

அமெரிக்க ஆங்கிலம் பழக வேண்டுமென்று கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருந்த காலம் அது. ‘மேட்ரிக்ஸ்’ படம் வந்து எல்லோரும் கியானு ரீவ்ஸ் பைத்தியமாகத் திரிந்துகொண்டிருந்தோம். அதற்கு முன்பே, 1995-ல், அவர் ‘ஜானி நிமோனிக்’ என்றொரு படத்தில் நடித்திருக்கிறார், அது ஒரு சிறுகதையிலிருந்து எடுத்தது என்று கூட வேலை பார்த்த பெண் சொன்னாள். திருவல்லிக்கேணி பைகிராப்ட்ஸ் ரோட்டு நடைபாதைக் கடையில் அந்தக் கதை இருந்த புத்தகம் 20 ரூபாய்க்குக் கிடைத்தது.

படிக்க ஆரம்பித்தால், தலையைச் சுற்றியது. கதை 1981-ல் ‘ஆம்னி’ என்ற அமெரிக்கப் பத்திரிகையில் வந்தது. நடப்பதோ எப்போதோ வரப்போகிற காலத்தில். அந்தக் காலத்தில் என்னென்ன இருக்கும் என்று கிப்சன் எதையும் விளக்குவதில்லை. அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களிடம் பேசுவதுபோல் பேசிக்கொண்டே போகிறார். ‘ரால்ஃபி ஃபேஸ்’ என்று ஒருவன் வருகிறான். ஃபேஸ் என்பது அவன் குடும்பப் பெயர் என்று நினைத்துவிட்டேன். ஒரு பாட்டுக்காரனின் முகத்தை அப்படியே அறுவை சிகிச்சையில் வாங்கி ஒட்டிக்கொண்டவன் அவன் என்பதைக் கிப்சன் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஆக்ஸ்போர்டு அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். பாதிச் சொல் அதில் இல்லை.

அந்த முதல் வாசிப்பில் எனக்குத் தெளிவாகப் புரிந்தது ஒரே ஒரு பத்தி. அதுவும் அப்பாவால்.

*

என் அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் லேத் ஆபரேட்டராக இருந்தார். முப்பது வருடம் நின்றபடியே வேலை. நான் நைட் ஷிஃப்ட் முடிந்து ஆபீஸ் வேனில் வந்து இறங்கும்போது விடியற்காலை ஐந்தரை இருக்கும். அப்பா வாசல் பக்கம் சாய்வு நாற்காலியில் விழித்தபடி உட்கார்ந்திருப்பார். “வந்துட்டியாம்மா” என்பார். நானும் அவர் பக்கத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுத்தான் உள்ளே போவேன்.

அப்படி ஒரு விடியற்காலையில்தான் அந்தப் பத்தியைப் படித்துக் காட்டினேன். கதையின் தொடக்கத்திலேயே வருவது. ஜானி ஒரு விளையாட்டுப் பைக்குள் குழல் குட்டையாக்கிய துப்பாக்கி ஒன்றை ஒளித்து எடுத்துப் போகிறான். அதற்கான தோட்டா அந்தக் காலத்தில் எங்கும் கிடைப்பதில்லை. அதனால் பித்தளையை லேத்தில் கடைந்து, இரண்டு தோட்டாக்களை அவனே செய்துகொள்கிறான்.

அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். “பித்தளைதானே? நல்லாப் போகும். ஆனா இரும்பு மாதிரி சுருள் சுருளா வராது, பொடிப் பொடியாத் தெறிக்கும். கண்ணாடி போட்டுக்கணும்” என்றார். பிறகு, “வெளிய கடையறது பெருசில்ல. உள்ள போரிங் பண்றதுலதான் விஷயம். சுவர் மெல்லிசாவும் இருக்கணும், கிழியவும் கூடாது” என்றார். கடைசியாக ஒரு கேள்வி கேட்டார்.

“ஏம்மா, அவ்வளவு மெஷின் இருக்கிற ஊர்ல, அவன் ஏன் இதைக் கையால செய்யறான்?”

“தெரியலப்பா. கதையே புரியல” என்றேன்.

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது. காலை ஸ்டூல் மேல் தூக்கி வைத்திருந்தார். பாதத்தில் செருப்பு வார் அழுந்திய தடம், விரலால் கோடு கிழித்ததுபோல் பள்ளமாக இருந்தது. அதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, தூக்கம் கண்ணைச் சுழற்ற, உள்ளே போய்ப் படுத்துவிட்டேன்.

அவர் எனக்காகக் காத்திருக்கிறார் என்றுதான் அத்தனை மாதமும் நினைத்துக்கொண்டிருந்தேன். வயசுப் பெண் ராத்திரி வேலைக்குப் போகிறாளே என்ற கவலையில் தூங்காமல் உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. முதலில் இரண்டு தலையணை வைத்துப் படுத்தார். பிறகு மூன்று. பிறகு நாற்காலிக்கே வந்துவிட்டார். “மல்லாந்தா நெஞ்சை அடைக்குது. வாயு” என்பார். அம்மா பூண்டு ரசம் வைத்துக் கொடுப்பாள், ஓம வாட்டர் வாங்கி வருவாள். கால் வீக்கத்துக்கு, “நாள் பூரா நின்னா வீங்காம என்ன செய்யும்?” என்று அவரே காரணமும் சொல்லிவிட்டார்.

அந்த வருடம் ஐப்பசி அடைமழையில் ஒரு ராத்திரி மூச்சு விட முடியாமல் தவித்தார். ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு அள்ளிப் போட்டுக்கொண்டு போனோம். டியூட்டி டாக்டர் சின்னப் பையன், என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் பெரியவராக இருப்பார். ஆக்ஸிஜன் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பிக் கேட்டார்.

“நைட்ல எத்தனை தலகாணி வெச்சுப் படுப்பார்?”

என்ன நடந்தது என்று எப்படிச் சொல்வது? என் வாய் தானாகத் திறந்தது. “த்ரீ பில்லோ ஆர்த்தாப்னியா. இப்ப சேர்லதான் தூங்கறார். பராக்ஸிஸ்மல் நாக்டர்னல் டிஸ்ப்னியா இருக்கு. பைலேட்டரல் பெடல் எடிமா, டூ ப்ளஸ், பிட்டிங்” என்று ஒரு மூச்சில் சொல்லி முடித்தேன். விட்டிருந்தால் கமா, ஃபுல் ஸ்டாப்பையும் சேர்த்துச் சொல்லியிருப்பேன்.

படுத்தால் மூச்சு முட்டும், அதனால் மூன்று தலையணை. தூக்கத்தில் திடீரென்று மூச்சுத் திணறி எழுந்திருத்தல். இரண்டு காலும் வீங்கி, அழுத்தினால் குழி விழுதல். இதயம் சரியாக ரத்தத்தைத் தள்ளாதபோது நுரையீரலிலும் காலிலும் நீர் சேர்வதன் அடையாளங்கள். ஒரு வருடமாக ராத்திரிக்கு ராத்திரி முன்பின் தெரியாத அமெரிக்கத் தாத்தாக்களுக்காக நான் டைப் செய்த அதே வரிகள்.

டாக்டர் என்னைப் பார்த்தார். “நீங்க நர்ஸா?”

“இல்ல டாக்டர். டைப் பண்றேன்.”

அவர் வேறெதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை என்று பிறகு நினைத்திருக்கிறேன். நான்காம் நாள் அப்பா போய்விட்டார். கொஞ்சம் முன்பே வந்திருந்தால் மருந்தில் சில காலம் ஓட்டியிருக்கலாம் என்றார்கள். காரியமெல்லாம் முடிந்து பதினேழாம் நாள் வேலைக்குப் போனேன். அன்றைக்கும் 600 வரி. அந்தப் புத்தகம் டிரங்குப் பெட்டிக்குள் போயிற்று.

*

“சரி, நாம சேர்ந்து படிப்போம்” என்று மகளிடம் சொன்னேன். “ஒரு கண்டிஷன். புரியாத சொல் வந்தா நிக்கக் கூடாது. பென்சில்ல ஒரு கோடு போட்டுட்டு மேல போகணும்.”

முதல் நாள் சாயங்காலம் கோடுகளாகவே விழுந்தன. அடுத்த நாள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தபோது, அவற்றில் பாதி தானாக நிரம்பியது. கிப்சன் ஒரு பொருளை ஓர் இடத்தில் பெயர் மட்டும் சொல்லிவிட்டுப் போகிறார். நாலு பக்கம் தள்ளி, யாரோ அதைப் பயன்படுத்தும்போதுதான் அது என்னவென்று தெரிகிறது. நம் டாக்டர்கள் மாதிரியேதான்! இந்தக் கதையை முதல் தடவையே புரிந்துகொள்ள முயன்றதுதான் அன்றைக்கு நான் செய்த தப்பு. திரும்பி வருகிறவர்களுக்காக எழுதப்பட்ட கதை இது.

இப்போது அதை ஐந்தாறு வரியில் சொல்லிவிட முடிகிறது. ஜானியின் மண்டைக்குள் ஒரு சிப். மற்றவர்களின் ரகசியத் தகவல்களை வாடகைக்குச் சுமப்பது அவன் தொழில். தலைக்குள் என்ன இருக்கிறது என்று அவனுக்கே தெரியாது. வாடிக்கையாளர் மட்டும் அறிந்த ஒரு ரகசியச் சொல் உண்டு. அதைச் சொன்னால் ஜானி தன்னை மறந்த நிலையில் எல்லாவற்றையும் ஒப்பிப்பான். விழித்தபின் ஒரு சொல்லும் நினைவிருக்காது. ரால்ஃபி இப்படி அவன் தலையில் ஏற்றிய சரக்கு, யாகுஸா என்ற ஜப்பானிய மாஃபியாவிடமிருந்து திருடப்பட்டது. ரால்ஃபி கொல்லப்படுகிறான். சொல் அவனோடு போய்விடுகிறது. கட்டைவிரலுக்குள் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கம்பி வைத்திருக்கும் கொலையாளி ஜானியைத் துரத்துகிறான். கண்களில் கண்ணாடி வில்லை பதித்த மோலி என்ற பெண் அவனுக்குத் துணை வருகிறாள்.

“தலைக்குள்ள நூத்துக்கணக்கான மெகாபைட்டாம்!” என்று மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் போனில் ஒரு கல்யாண வீடியோவே அதைவிடப் பெரிதாம். 1995-ல் படம் எடுத்தபோதே அதை 80 ஜிபி ஆக்கியிருந்தார்கள். இந்தக் கணக்கெல்லாம் பழசாகிவிட்டது. கிப்சன் ஒன்றும் கம்ப்யூட்டர் நிபுணர் இல்லை. தன் பெரிய நாவலான ‘நியூரோமான்ச’ரையே சாதாரண டைப்ரைட்டரில்தான் அடித்தார். டைப் அடித்துப் பிழைத்தவள் என்ற முறையில் எனக்கு அதில் ஓர் அற்ப சந்தோஷம்.

ஜானி தன்னை மறந்து ஒப்பிக்கும் இடத்தை மகள்தான் சத்தமாகப் படித்தாள். மணிக்கணக்கில் ஒப்பிக்கிறான். மோலி பதிவு செய்கிறாள். அவனுக்கு எதுவும் தெரியாது. நான் அவளை நிறுத்தச் சொன்னேன்.

“என்னம்மா?”

அப்போதுதான் சொன்னேன். தாத்தாவைப் பற்றி, தலையணைகளைப் பற்றி, அந்த டாக்டர் கேட்ட கேள்வியைப் பற்றி. தாத்தா ‘ஹார்ட் அட்டாக்கில்’ போனார் என்றுதான் அவளுக்குத் தெரியும்.

ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, “ஜானிக்காவது தலைக்குள்ள பூட்டு போட்டிருந்தாங்க. உனக்கு யாரும்மா போட்டா?” என்று கேட்டாள்.

வலிக்க வேண்டும் என்று கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். எனக்கு அர்த்தம் தெரியாமல் இல்லை. ஆர்த்தாப்னியா என்றால் என்னவென்று டார்லண்ட் அகராதியில் பார்த்து நோட்டில் எழுதி வைத்திருந்தேன். ஆனால் என் மனதில் அது ஹெட்போனுக்குள் இருக்கும் நோய். ஃபிளாரிடாவிலோ டெக்சாஸிலோ யாருக்கோ வருவது. ஹெட்போனைக் கழற்றினால் அதுவும் கழன்றுவிடும். வீட்டில் இருந்தது வாயுவும் கால்வலியும். இரண்டுக்கும் நடுவில் பூட்டைப் போட்டது வரிக் கணக்கா, தூக்கமின்மையா, இங்கிலீஷா, என் வயசா என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

*

முதல் தடவை படித்தபோது எனக்கு அபத்தமாகத் தோன்றியது அந்த டால்பின்தான். பெயர் ஜோன்ஸ். ஒரு பழைய பொழுதுபோக்குப் பூங்காவில், அழுக்குத் தண்ணீர்த் தொட்டியில் கிடக்கிறது. அடிதடிக் கதையில் டால்பினுக்கு என்ன வேலை என்று தாண்டிப் போய்விட்டேன்.

இந்த முறை அது என்னை விடவில்லை. ஜோன்ஸ் ஒரு முன்னாள் படைவீரன். அமெரிக்கக் கடற்படை 1960-களிலிருந்தே டால்பின்களைக் கண்ணிவெடி தேடப் பழக்கியது நிஜம். கிப்சன் அதிலிருந்து ஒரு படி மேலே போகிறார். கதையில் கடற்படை அவற்றுக்குப் போதை மருந்தைப் பழக்கி வைத்திருக்கிறது, வேலையை விட்டுப் போய்விடக் கூடாது என்பதற்காக. போர் முடிந்ததும் கைவிட்டுவிடுகிறது. உடம்பெல்லாம் வடு, பேச வாய் இல்லை. வண்ண பல்புகளை எரிய வைத்துத்தான் எதையும் சொல்லும். அதன் தலையில் ‘ஸ்க்விட்’ என்ற கருவி இருக்கிறது. மிக மிக மெல்லிய காந்தப் புலத்தையும் உணரக்கூடிய இந்தக் கருவி கற்பனை இல்லை. நம் மூளையிலிருந்து வரும் காந்தப் புலத்தை அளக்க மருத்துவத்தில் இதைப் பயன்படுத்துகிறார்கள்.

அந்தக் கருவியால் ஜோன்ஸ், ஜானியின் மண்டைக்குள் புதைந்திருந்த ரகசியச் சொல்லைக் கண்டுபிடித்துவிடுகிறது. சொந்தக்காரன் செத்த பிறகும் பூட்டு திறக்கிறது. பிறகு, நகரத்தின் கூரைக்கு அடியில் பழைய சாமான்களைக் கொண்டே கூடு கட்டி வாழும் ‘லோ டெக்’ கூட்டத்தின் இடத்தில் மோலியும் கொலையாளியும் மோதுகிறார்கள். அதிரும் தரை, காதைக் கிழிக்கும் இரைச்சல். அந்த மாதிரி இடத்துக்குப் பழகாத கொலையாளி தடுமாறித் தோற்கிறான். சினிமாவுக்கு அதுதான் கிளைமாக்ஸ். எனக்கு அதற்குப் பிறகு வரும் ஒரு பக்கம்தான் கதை.

ஜானி அங்கேயே தங்கிவிடுகிறான். ஜோன்ஸ் அவன் தலைக்குள் தேடிக்கொண்டே இருக்கிறது. இதுவரை அவனை வாடகைக்கு எடுத்த ஒவ்வொருவரும் வைத்துவிட்டு எடுத்துப்போன தகவல்கள் முழுதாகப் போய்விடவில்லை. ஒவ்வொன்றும் ஒரு தடம் விட்டுப் போயிருக்கிறது. அந்தத் தடங்களை ஜோன்ஸ் ஒவ்வொன்றாகப் படித்துச் சொல்ல, தன் வழியாக என்னவெல்லாம் போயிருக்கிறது என்று ஜானி முதல் முறையாகத் தெரிந்துகொள்கிறான். ஒருநாள் இந்தச் சிப்பை எடுத்துவிட்டு, எல்லா மனிதர்களையும் போல என் சொந்த நினைவுகளோடு மட்டும் வாழ வேண்டும் என்று நினைக்கிறான். ஆனால் இப்போதைக்கு இல்லை என்கிறான்.

இருபத்து மூன்று வயதில் இந்தப் பக்கத்தை நான் படித்திருக்கிறேன். கண் வழியாகப் போயிருக்கிறது. ஒரு கோடுகூடப் போடவில்லை.

“தாத்தா கால்ல செருப்புத் தடம் இருந்ததுன்னு சொன்னியே,” என்றாள் மகள் மெதுவாக. “அதையெல்லாம் ஞாபகம் வெச்சிருக்கியேம்மா. பித்தளை பொடிப் பொடியாத் தெறிக்கும்னு தாத்தா சொன்னதுகூட.”

ஆமாம். இருபத்து நாலு வருடமாக நான் அந்தத் தடத்தைக் குற்றப் பத்திரிகையாக மட்டும்தான் படித்து வந்திருக்கிறேன். அதே விடியற்காலையில் அவர் கண்ணை மூடிக்கொண்டு கதை கேட்டது, போரிங் பற்றிச் சொன்னது, சிரித்தது எல்லாம் அதற்குப் பக்கத்திலேயே இருந்திருக்கிறது. அன்றைக்குப் பெண்ணுக்காகத்தான் விழித்திருந்தாரா, மூச்சுக்காகவா? இரண்டுக்கும்தான் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன். “வந்துட்டியாம்மா” என்று கேட்டதில் பொய் இல்லை.

நெஞ்சிலிருந்த பாரம் இறங்கிவிட்டது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். நான் கவனித்திருக்க வேண்டும். அது அப்படியேதான் இருக்கிறது.

ஜானிக்குப் பிறகு என்ன ஆயிற்று என்று மகள் கேட்டாள். 1984-ல் வந்த ‘நியூரோமான்ச’ரில் மோலி திரும்ப வருகிறாள். ஜானியைப் பற்றி ஒரே ஒரு இடத்தில் பேசுகிறாள். யாகுஸா பொறுமையாகக் காத்திருந்து, வேறோர் ஆளை அனுப்பி அவனைக் கொன்றுவிட்டதாம். ‘இப்போதைக்கு இல்லை’ என்று தள்ளிப்போட்ட அந்த வாழ்க்கை அவனுக்குக் கிடைக்கவே இல்லை. இதைக் கேட்டதும் மகளுக்கு முகம் வாடிவிட்டது. எனக்கும்தான்.

*

இதை எழுதுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. உங்கள் வீட்டில் பெரியவர்கள் யாராவது திடீரென்று தலையணையைக் கூட்டிக்கொண்டே போனால், படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று எழுந்து உட்கார்ந்தால், கால் வீங்கி, செருப்புத் தடமோ சாக்ஸ் தடமோ பள்ளமாகத் தெரிந்தால், அதை வாயு என்று விட்டுவிடாதீர்கள். வெயிலில் அலைந்த கால், நின்ற கால் என்று நீங்களே காரணம் கண்டுபிடிக்காதீர்கள். டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். எத்தனை தலையணை என்று மறக்காமல் சொல்லுங்கள். அமெரிக்காவில் கேட்டாலும் அம்பத்தூரில் கேட்டாலும் அது ஒரே கேள்விதான்.

அன்றைக்கு ராத்திரி நான் எங்கள் படுக்கையறையில் நின்றுகொண்டிருந்ததைப் பார்த்து என் கணவர், “என்ன பார்க்கிற?” என்றார்.

“தலகாணி எண்றேன்” என்றேன். ஒன்றுதான் இருந்தது.

வெள்ளிக்கிழமை மகள் செமினார் முடித்துவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தாள். அந்தத் தோட்டா பத்தியை விளக்கும்போது, பித்தளை எப்படித் தெறிக்கும், உள்ளே கடைவது ஏன் கஷ்டம் என்று தாத்தா சொன்னதை அப்படியே சொன்னாளாம். வகுப்பே கப்சிப்பாம். மிஸ் ஒரு கேள்வி கேட்டார்களாம்.

“என்ன கேட்டாங்க தெரியுமா? அவ்வளவு டெக்னாலஜி இருக்கிற ஊர்ல, ஜானி ஏன் இதைக் கையால செய்யறான்னு!”

எனக்கு ஒரு நிமிடம் பேச்சு வரவில்லை. “நீ என்ன சொன்ன?”

“எல்லாரும் பெரிய பெரிய ஆயுதத்தைத்தான் எதிர்பார்ப்பாங்க, அதனால பழைய துப்பாக்கியை எடுத்துட்டுப் போறான்னு முதல்ல சொன்னேன். அது கதையிலயே இருக்கு. அப்புறம் நானா ஒண்ணு சேர்த்துச் சொன்னேன். அவன் தலைக்குள்ள இருக்கிறது எதுவும் அவனோடது இல்ல, அது என்னன்னே அவனுக்குத் தெரியாது. அந்த ரெண்டு தோட்டாதான் அவனே செஞ்சது, உள்ள என்ன இருக்குன்னு அவனுக்குத் தெரிஞ்சது. சரியாம்மா?”

“சரிதான்” என்றேன்.

உள்ளே போய், அப்பாவின் படத்துக்குக் கீழே இருந்த அலமாரியில் அந்தப் புத்தகத்தை வைத்தேன். பரணில் இனி அதற்கு வேலை இல்லை.